பேரேடும் படச்சுருளும்

காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் ஊர்களுள் ஒன்று நேமத்தான்பட்டி. மழையை நம்பியே வாழும் செம்மண் பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். நிறையாவிட்டால் அதுவும் இல்லை. இத்தகைய மண்ணிலே, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் பெருவீடுகளைக் காண்பவர் எவரும் ஒரு கணம் திகைத்து நிற்பர். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தளம், சுண்ணாம்பில் முட்டையின் வெண்கரு சேர்த்து இழைத்த, முகம் தெரியும் அளவுக்கு வழுவழுப்பான சுவர். இப்பகுதியில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இவ்வகை வீடுகள் எழுந்தன. அவற்றுள் பல இன்று ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. திருமணத்திற்கும் படைப்பிற்கும் உறவினர் வந்து திறக்கின்றனர். இடைப்பட்ட நாட்களில் திறக்க வருகிறவர்கள் பெரும்பாலும் சினிமாக்காரர்கள்.

திரையில் இவ்வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜமீன்தாரின் அரண்மனையாக, பஞ்சாயத்துத் தலைவரின் இல்லமாக, அரிவாள் ஏந்திய அண்ணன் தம்பிகளின் கோட்டையாக அவை வந்துபோயின. ஆனால் வட்டிக்கடைக்காரர் ஒருவரின் வீடாக, கடல் கடந்து மூன்றாண்டுகள் கணக்கெழுதிவிட்டுத் திரும்பிய ஒரு மேலாளின் வீடாக, பெட்டியடியில் உட்கார்ந்து வளர்ந்த ஒரு பையனின் வீடாக நாம் அவற்றைக் கண்டதுண்டா? வீடு திரைக்கு வந்தது. அந்த வீட்டைக் கட்டிய உழைப்பு வரவில்லை. இத்தனைக்கும், தமிழ்ப்படத் தொழிலை நிலைநிறுத்தியவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் இதே காரைக்குடி மண்ணின் வணிகர். இந்த முரண்பாடு வரலாற்றில் எவ்வாறு நேர்ந்தது என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

திரைப்படத்தின் பிறப்பிலேயே இதன் வித்து இருக்கிறது. 1895-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் ஒரு சிறு கூட்டத்தினருக்குத் திரையிட்டுக் காட்டிய முதற் படம் தொழிலாளரைப் பற்றியதுதான். லியோன் நகரில் அவர்களுக்குச் சொந்தமான புகைப்படத் தகட்டுத் தொழிற்சாலையின் கதவு திறக்கிறது. வேலை முடிந்து ஆண்களும் பெண்களும் வெளியே வருகிறார்கள். ஒரு நிமிடத்திற்குள் படம் முடிந்துவிடுகிறது. அத்தொழிலாளர் உள்ளே என்ன செய்தனர், எத்தனை மணி நேரம் நின்றனர், என்ன கூலி பெற்றனர் என்பதெல்லாம் கதவுக்கு அப்பால் தங்கிவிட்டது. கேமரா வெளியே வாசலில் நின்றது. படம் பிடித்தவரே அத்தொழிற்சாலையின் முதலாளி என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அன்று முதல் உலகெங்கும் சினிமா பெரும்பாலும் வாசலிலேதான் நின்றுவருகிறது. சாப்ளின் 1936-இல் எடுத்த ‘மாடர்ன் டைம்ஸ்’ போன்ற சில படங்கள் உள்ளே புகுந்தன. அவை விதிவிலக்குகளே.

செட்டிநாட்டு வாசலுக்கு அப்பால் நடந்தது என்ன? அதனை முதலில் அறிந்துகொண்டால்தான் சினிமா எதை விட்டுவிட்டது என்பது விளங்கும்.

வணிகத்திற்காக ஊரைவிட்டுச் செல்வதை நகரத்தார் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்றனர். உப்பும் நெல்லும் துணியும் விற்ற காலத்துச் சொல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் ஆட்சி பர்மா, மலேயா, இலங்கை எனப் பரவியபோது, விற்கும் பண்டம் பணமாயிற்று, சொல் மாறவில்லை. கீழ்ப் பர்மாவின் சதுப்புக் காடுகளை அழித்து உலகின் நெற்களஞ்சியமாக்கிய உழவர்க்கு முன்பணம் கொடுத்தவர்கள் இவர்கள். 1930-ஆம் ஆண்டையொட்டி அங்கே ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகப் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது.

முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்துபவர் அவர் அனுப்பிய மேலாள். மூன்றாண்டு ஒரு கணக்கு. அதற்கெனச் சம்பளச் சீட்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கப்பலேறினால், தவணை முடிந்து அடுத்தவரிடம் கடையை ஒப்படைத்துவிட்டே திரும்ப முடியும். மேலாளுக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பத்து வயதைக் கடந்த அப்பையன் கடை கூட்டுவான். எடுபிடி வேலை செய்வான். பெரியவர்கள் படுத்தபின் படுப்பான். அத்துடன் கணக்கும் பயில்வான். முந்திரி, காணி, மாகாணி என்று கீழ்வாய் இலக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்தவனுக்கு, வட்டியைத் தாளின்றி மனத்திலேயே போடும் பயிற்சி கிடைத்தது. கப்பல் துறைகளில் இவர்கள் கூடி வாழ்ந்த இடத்திற்குக் கிட்டங்கி என்று பெயர். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில், ஒரு நீண்ட கூடத்தில் கடைக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, உட்கார ஒரு பாய். பகலில் அதுவே கடை. இரவில் அதுவே படுக்கை. மனைவி மக்களை உடனழைத்துச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் இல்லை.

எனவே இவ்வுழைப்பின் மறுபாதியைச் செய்தவர்கள் பெண்கள் என்றே கூறவேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை சில மாதங்கள் வந்து தங்கும் கணவனுக்காகக் குடும்பத்தை நடத்தி, பிள்ளைகளை வளர்த்து, வீடு கட்டும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் கூலி கணக்குப் பார்த்து, உறவுமுறைச் சீர்வரிசைகளை ஒன்றும் தவறாமல் செய்து முடித்த ஆச்சிமாரின் பெயர் எந்தப் பேரேட்டிலும் பற்று வரவாக ஏறியதில்லை.

இந்த வரலாற்றில் இருள் இல்லாமலில்லை. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. 1938-ஆம் ஆண்டளவில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களுடையதாகிவிட்டது. கடன் கொடுத்தவர் நிலம் கேட்டு வந்தவரல்லர், பணம் திரும்பவேண்டும் என்றே விரும்பினார் என்பது உண்மை. நிலம் இழந்த உழவனுக்கு அந்த வேறுபாட்டால் ஆறுதல் ஏதும் இருந்திருக்காது என்பதும் உண்மையே. 1941 டிசம்பர் 23-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு பொழிந்தன. இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்தனர். வழியில் மடிந்தோர் பல்லாயிரவர். போருக்குப்பின் பர்மா விடுதலை பெற்றதும் நிலங்கள் அரசுடைமையாயின; 1960-களில் எஞ்சிய கடைகளும் போயின. வீடு நின்றது, அதற்குப் பணம் அனுப்பிய வழி அடைந்துவிட்டது.

இந்தக் கதைகளில் எதுவும் சினிமாவுக்குப் பொருந்தாதது என்று யாராவது கூற இயலுமா? பிரிவு இருக்கிறது, பேராசை இருக்கிறது, துரோகமும் கடமையும் போரும் இருக்கின்றன. இலக்கியம் இதைக் கண்டுகொண்டது. சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்து, 1938-இல் சுமத்திராவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்ற ப. சிங்காரம், ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற இரு நாவல்களில் அந்தக் கடைகளின் பேச்சையும் வேர்வையையும் ஏளனத்தையும் ஏக்கத்தையும் பதித்துவைத்தார். 1972-இல் வெளிவந்த இரண்டாம் நாவல் தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த நாவல்களுள் ஒன்று என்பது நம் துணிபு. ஆனால் தாளில் நிகழ்ந்தது திரையில் நிகழவில்லை.

இனி, திரைத்தொழிலில் முன்நின்ற அந்தக் காரைக்குடி வணிகரைக் காண்போம். 1907-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், தந்தை ஆவிச்சி செட்டியாரின் ஏவி அண்டு சன்ஸ் கடையிலே தொழில் பழகினார். அக்கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்பனையாயின. பிறர் பதித்த தட்டை வாங்கி விற்பதைவிட நாமே பதித்து விற்றால் என்ன என்று அவர் எண்ணியது ஒரு கலைஞரின் எண்ணமன்று. நல்ல வணிகரின் எண்ணம். 1932-இல் கூட்டாளிகளுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். தட்டிலிருந்து படத்துக்குச் செல்வது அடுத்த படி. 1935-இல் எடுத்த ‘அல்லி அர்ஜுனா’ கையைச் சுட்டது. அதே ஆண்டின் ‘ரத்னாவளி’யும் கைகொடுக்கவில்லை. வேறொருவராயின் தொழிலை மாற்றியிருப்பார். இவர் 1938-இல் ‘நந்தகுமார்’ எடுத்தார். அதில் ஒருவர் நடிக்க வேறொருவர் பின்னணியில் பாடும் முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’யில் கதாநாயகி ருக்மிணியின் பாட்டு மனத்திற்குத் திருப்தி தராதபோது, பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்துக் குரலை மாற்றிச் சேர்த்தார். கெட்டுப்போன சரக்கை வாடிக்கையாளரிடம் தள்ளிவிடாத கடைக்காரரின் ஒழுங்கு அது. ஏவி.எம். படங்களின் வெற்றிக்குக் காரணம் தேடுவோர் அந்தக் கடைப் பயிற்சியைப் போதுமான அளவு கருதுவதில்லை என்றே நமக்குப் படுகிறது.

1945 அக்டோபர் 14-ஆம் நாள் ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸ் பிறந்தது. போர்க்காலத்து மின்சாரத் தட்டுப்பாட்டால் சென்னையில் ஸ்டூடியோ அமைக்க இயலாத நிலை. செட்டியார் சொந்த ஊரை நாடினார். காரைக்குடியில் தேவகோட்டைச் சாலையில் நாடகக் கொட்டகை ஒன்றையும் அதைச் சூழ்ந்த இடத்தையும் வாடகைக்குப் பிடித்துக் குடிசைகள் போட்டு ஸ்டூடியோவாக்கினார். பேரேடு எழுதும் ஊரில் படச்சுருள் ஓடத் தொடங்கியது. அங்கே உருவாகி, 1947 ஜனவரி 12-ஆம் நாள் வெளிவந்த படம் ‘நாம் இருவர்’.

இப்படத்தில் பாரதியார் பாடல்கள் இடம்பெற்றதையும், டி.கே. பட்டம்மாள் குரல் கொடுக்கக் குமாரி கமலா ஆடியதையும், விடுதலைக்கு ஏழு மாதம் முன்பே விடுதலையைக் கொண்டாடியதையும் எல்லோரும் நினைவுகூர்கின்றனர். அது வணிகத்தைப் பற்றிய படமும்கூட என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். ப. நீலகண்டன் எழுதிய ‘தியாக உள்ளம்’ என்ற நாடகமே அதன் மூலம். கதையில் வரும் தந்தை கள்ளச்சந்தை வியாபாரி. அவ்வேடத்தைத் தாங்கியவர் வி.கே. ராமசாமி, அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று! கிழவராக நடித்த அந்த இளைஞரே படத்தின் உயிர் என்றால் மிகையன்று.

கள்ளச்சந்தை என்பது அன்றைய பார்வையாளருக்கு வெறும் கதைப்பொருளன்று. அரிசிக்குப் பங்கீடு, துணிக்குப் பங்கீடு, மண்ணெண்ணெய்க்கு வரிசை என்று போராண்டுகளைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். சினிமாவும் தப்பவில்லை: கச்சாப் படச்சுருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஒரு படம் 11,000 அடியைத் தாண்டலாகாது என்று அரசு வரம்பு விதித்திருந்தது. எனவே, பதுக்கி வைத்து விலையேற்றும் வணிகனைத் திரையில் கண்டபோது, அவனைத் தம் தெருவிலேயே அறிந்தவர்களாகத்தான் மக்கள் பார்த்திருக்க வேண்டும். அதை எடுத்தவரும் ஒரு வணிகரே, எடுத்த இடமும் ஒரு வணிக ஊரே என்பது கருதத்தக்கது. தம்மவரின் குற்றத்தைத் தம் ஊரிலேயே படமாக்கும் துணிவு அதில் இருந்தது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கள்ளச்சந்தைக்காரர் எவ்வாறு வணிகம் செய்தார் என்பதைப் படம் காட்டுவதில் அக்கறை கொள்ளவில்லை. அவருடைய பணம் தெரிகிறது, பாவம் தெரிகிறது, மக்களின் மனவேதனை தெரிகிறது, கடை தெரியவில்லை. பாரதி விழாவில் தொடங்கிக் காந்தியடிகளின் பிறந்தநாளில் முடியும் கதையில், தொழில் ஓர் ஒழுக்கப் பாடத்திற்கான முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. கேமரா அங்கும் வாசலிலேயே நின்றது.

இடையே ஒரு செய்தி. பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையைச் செட்டியார் முன்னரே விலை கொடுத்து வாங்கியிருந்தார். அதனாலேயே அவற்றைத் தம் படங்களில் தாராளமாகச் சேர்க்க முடிந்தது. பாடல்கள் நாட்டுக்கே உரியவை என்ற கோரிக்கை வலுத்தபோது, 1949-இல் அவ்வுரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். கணக்குப் புத்தகத்தில் வராத அந்த ஈகையையும் பதிவு செய்வதே நேர்மை. இதற்குள், 1948-இல், ஸ்டூடியோ சென்னைக் கோடம்பாக்கத்திற்குப் பெயர்ந்துவிட்டது. காரைக்குடியின் சினிமாக் காலம் மூன்றாண்டுகூட நீடிக்கவில்லை.

பர்மாவும் ஏவி.எம்.மும் ஒருங்கே சந்தித்த படம் ‘பராசக்தி’. நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாளுடன் சேர்ந்து எடுக்கப்பட்டு 1952 அக்டோபர் 17-ஆம் நாள் வெளியான அப்படம் ரங்கூனில்தான் தொடங்குகிறது. மதுரையில் தங்கைக்குத் திருமணம். போரினால் அண்ணன்மார் மூவரும் சேர்ந்து வர இயலவில்லை. முதலில் வந்த குணசேகரன் சென்னையில் பணத்தைப் பறிகொடுக்கிறான். நடந்தே வந்த ஞானசேகரன் காலை இழந்து பிச்சைக்காரர் கூட்டத்தில் சேர்கிறான். கணவனையும் தந்தையையும் இழந்த கல்யாணி இட்லிக் கடை வைக்கிறாள். கலைஞர் கருணாநிதியின் வசனத்தையும் நீதிமன்றக் காட்சியையும் பற்றி நூல்களே எழுதப்பட்டுள்ளன. நம் கண்ணில் நிற்பது அந்த இட்லிக் கடை. கைக்குழந்தையோடு ஓர் இளம் கைம்பெண் அடுப்பை மூட்டிப் பிழைக்க முயல்வதும், அதைக்கூட அவளை நிம்மதியாகச் செய்யவிடாத தெருவின் கொடுமையும் தமிழ்த்திரை அதுவரை அரிதாகவே கண்ட உழைப்பின் முகம். ஆனால் ரங்கூன்? அது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ரங்கூனில் தமிழன் என்ன செய்து பொருளீட்டினான் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. போய்வந்த துயரமே கதை.

பணத்தைப் பற்றிப் பேசிய படங்கள் பின்னர் வந்தன. சிறுகூடல்பட்டியைச் சேர்ந்த ஏ.எல். சீனிவாசன் தயாரிக்க, என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ அதே 1952-இன் இறுதியில் வெளிவந்தது. சீனிவாசனின் தம்பியாகிய கவிஞர் கண்ணதாசன் 1964-இல் ‘கறுப்புப் பணம்’ எடுத்துத் தாமே நடிக்கவும் செய்தார். செட்டிநாட்டுப் பிள்ளைகள் இருவர் தங்கள் படங்களுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள்! பணத்தின் தீமையை அவர்கள் அறிந்திருந்தனர். பணத்தின் வேலையை எழுத அவர்களுக்கும் தோன்றவில்லை.

ஏன்? நமக்குத் தோன்றும் காரணங்கள் சில உண்டு. வட்டிக்கடைக்காரர் என்றதும் அக்காலச் சினிமாவுக்கு நினைவில் வந்தவர் ஷேக்ஸ்பியரின் ஷைலாக். 1940-இல் அப்பெயரிலேயே தமிழில் ஒரு படம் வந்தது. 1957-இன் ‘மதர் இந்தியா’வில் வரும் சுகிலாலா அந்த உருவத்தை நாடு முழுவதற்கும் நிலைநாட்டினான். கொட்டகையில் தரை டிக்கெட்டில் அமர்ந்தவர்களுள் கடன்பட்டவரே மிகுதி. அவர்கள் வட்டிக்காரரை மேசைக்கு எதிர்ப்புறம் நின்றே கண்டவர்கள். அவருக்கும் ஒரு முதலாளி உண்டு, மூன்றாண்டாக மனைவியைக் காணாதவர், கணக்கில் ஒரு காசு குறைந்தால் தூங்காதவர் என்பதைக் கேட்க அவர்களுக்கு மனம் இருந்திருக்க நியாயமில்லை. மற்றொன்று, படங்களே வட்டிப் பணத்தில்தான் எடுக்கப்பட்டன. தயாரிப்பாளர் கதை கேட்டது ஒரு கையால், புரோநோட்டில் கையெழுத்திட்டது மறுகையால். தம் கழுத்தில் கிடக்கும் கயிற்றைப் படமெடுப்பவர் யார்? எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கெழுதும் வேலை கண்ணுக்குத் தெரியாதது. வாள்வீச்சைப் படமாக்கலாம்; ஐந்தொகை நேராகும் கணத்தைப் படமாக்குவது எளிதன்று. எளிதன்று என்றுதான் கூறுகிறோம், இயலாது என்றல்ல.

தொழிலாளியின் பக்கம் நின்ற படங்களின் கதையும் இதற்கு மாறானதன்று. 1957-இல் முக்தா சீனிவாசன் இயக்கிய ‘முதலாளி’யில் ஆலையின் சொந்தக்காரரே தொழிலாளியாக வேடமிட்டு உள்ளே நுழைகிறார். மக்கள் அதை விரும்பினர். தேசிய விருதும் கிடைத்தது. முதலாளி நல்லவராகிவிட்டால் போதும் என்ற ஆறுதல் அதில் இருந்தது. 1960-இல் வங்க இயக்குநர் நிமாய் கோஷ் தமிழில் எடுத்த ‘பாதை தெரியுது பார்’ அந்த ஆறுதலை ஏற்க மறுத்தது. இரயில்வேத் தொழிலாளரையும் அவர்களது சங்கத்தையும் பொருளாகக் கொண்டு, பலர் பங்குப் பணம் போட்டு எடுத்த படம் அது. எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார், ஜெயகாந்தன் பாட்டு எழுதினார். விருது பெற்றும் படம் ஓடவில்லை. ஆனால் நிமாய் கோஷும் எம்.பி. சீனிவாசனும் பின்னாளில் திரைத்துறைத் தொழிலாளர்க்குச் சங்கங்கள் அமைய முன்நின்றனர். திரையில் காட்ட முயன்றதை ஸ்டூடியோ வாசலுக்கு உள்ளேயே செய்து காட்டினர் என்று கொள்ளலாம். இரவும் பகலும் விளக்குத் தூக்கிய கைகளுக்கு வேலை நேரம், கூலி என்ற பேச்சு எழ அது வழிவகுத்தது.

இனி மீண்டும் அந்தப் பெருவீடுகளுக்கு வருவோம். 2000-இல் வெளிவந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ காரைக்குடி வட்டாரத்து மாளிகை ஒன்றிலே படமாக்கப்பட்டது. மூலம் ஜேன் ஆஸ்டினின் ஆங்கில நாவல். படத்தில் நிதி நிறுவனம் நடத்தும் இளைஞன் ஒருவன் வருகிறான்; நிறுவனம் முறிகிறது; முதலீட்டாளர் வாசலில் வந்து நிற்கின்றனர். வீட்டை இழந்த குடும்பம் சென்னை வருகிறது. மூத்த மகள் வேலை தேடி அலைந்து, பின் கணிப்பொறித் துறையில் கால் ஊன்றுகிறாள். 1990-களில் நிதி நிறுவனங்களில் சேமிப்பைப் பறிகொடுத்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ! ஒரு தலைமுறையின் காயத்தைப் பாட்டுகளுக்கு நடுவே அப்படம் தொட்டது. அதே காயத்தை 1994-இன் ‘மகாநதி’ இன்னும் ஆழமாகக் கீறியிருந்தது. ஆனாலும் செட்டிநாட்டு வீடு அங்கே அழகுக்காகவே நின்றது. சொல்லுக்கு ஒரு நிறுவனம், கையெழுத்துக்கு ஒரு குலமரியாதை என்று வாழ்ந்த பழைய நாணயத்தின் சுவர்களுக்குள்ளே நாணயம் முறிந்த கதை படமாயிற்று என்பதைக் கவனித்தவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

பெட்டியடிப் பையனுக்கு மிக அருகில் வந்த படம் எதுவென்று நம்மைக் கேட்டால், செட்டிநாட்டைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாத ஒரு படத்தையே குறிப்பிடுவோம். 2010-இல் வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’. சென்னை ரங்கநாதன் தெருவின் பெரிய துணிக்கடை. தென்மாவட்டத்து வறண்ட ஊர்களிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். குடும்பச் சுமை உள்ளவனா என்று பார்த்து எடுக்கிறார்கள், அவன்தான் எதிர்த்துப் பேசமாட்டான். நீண்ட கூடத்தில் வரிசையாகப் படுக்கை, முண்டியடித்துச் சாப்பாடு, நாள் முழுதும் நின்றபடியே வேலை, உட்கார்ந்தால் அபராதம். ஜெயமோகன் வசனம் எழுத, மகேஷும் அஞ்சலியும் நடித்த இப்படத்தில் கேமரா முதன்முறையாகக் கடை வாசலைத் தாண்டி, கல்லாவைத் தாண்டி, மாடிப்படி ஏறிப் பணியாளர் தூங்கும் கூடம்வரை சென்றது.

கிட்டங்கியின் நீண்ட கூடமும் இந்தக் கூடமும் ஒன்றுபோலத் தோன்றலாம். இரண்டிலும் மழை பொய்த்த ஊர்ப் பிள்ளைகள். இரண்டிலும் வீட்டுக்கு அனுப்பும் பணமே வாழ்வின் பொருள். வேறுபாடு ஒன்று உண்டு, அது சிறியதன்று. கடை கூட்டிய பையன் கணக்குக் கற்றான், அடுத்தாளானான், மேலாளானான், சாமர்த்தியமும் உறவும் துணைநின்றால் ஒருநாள் தன் பெயரிலேயே கடை வைத்தான். அந்த ஏணி அவன் சாதிக்குள் மட்டுமே சாத்தப்பட்டிருந்தது என்ற குறையையும் மறைப்பதற்கில்லை. அங்காடித் தெருவின் பையன் துணியை மடிக்கக் கற்றான். பத்தாண்டு கழித்தும் மடித்துக்கொண்டிருப்பான். கால் நரம்பு சுருண்டு நிற்க முடியாமற்போனால் அவன் இடத்தில் இன்னொருவன். முதலாளியின் கணக்கு எந்த அறையில் எழுதப்படுகிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டிலே, ‘நாம் இருவர்’ ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டிலே, இயற்றப்பட்டது. வேலை நேரம், வார விடுமுறை ஆகியவற்றை அது வரையறுத்தது. கடை ஊழியர்க்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்ற விதி அதில் இல்லை. கேரளம் 2018-இல் அவ்விதியைக் கொண்டுவந்தது. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் நிறைவேறி, வேலை நேரத்திலே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஒவ்வொரு கடையிலும் இருக்கை இருக்கவேண்டும் என்று ஆயிற்று. கிட்டங்கியில் பெட்டியடிப் பையனுக்குக் கூட ஒரு பாய் இருந்தது. அடுத்தமுறை துணி எடுக்கச் செல்லும்போது, நமக்கு எடுத்துக் காட்டும் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு முக்காலியாவது போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம்.